பால் அதிகம் கறந்தால் சினை நிற்காதா?

ஈரோட்டுப் பக்கம் நான்கு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய எச்.எப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன் என்ற வெளிநாட்டுப் பால் இனம்) கலப்புப் பசு இரண்டாம் ஈத்து. கன்று ஈன்று நான்கு மாதம் ஆகிறது, இன்றும் நாளுக்கு 22 லிட்டர் கறக்கிறது. நான்கு முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை. "பால் மாட்டுக்குச் செனை நிக்காது, தீவனத்தைக் கொறச்சுப் பாலைக் கொறை, தானா நின்னுக்கும்" என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்கிறார்களாம். அப்படிச் செய்யலாமா என்கிறார்.

செய்யாதீர்கள், தம்பி. தீவனத்தைக் குறைத்தால் மாடு தன் முதுகையும் இடுப்பையும் கரைத்துக் கொஞ்ச நாள் கறக்கும். பிறகு பாலும் இறங்கும், சினையும் நிற்காது. முப்பது வருடத்துக்கு மேல் மாட்டின் கருப்பையோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த யோசனையால் கெட்ட மாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஊரார் சொல்வதில் உண்மையே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பார்த்தது சரி, அதற்குச் சொல்லும் காரணம்தான் பிசகு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஊரார் சொல்வதற்கு ஆதரவாக உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1950-ல் ஒரு பசு வருடத்துக்குச் சராசரியாகக் கறந்தது 2,400 கிலோ பால். 2000-ல் அது 8,000 கிலோவைத் தாண்டிவிட்டது. இதே காலத்தில் சினை பிடிக்கும் விகிதம் சரிந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1951-ல் நூறு ஊசிக்கு ஏறக்குறைய 65 சினை நின்றது, 1996-ல் 40தான். இந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தவர்கள், பால் ஏற ஏறச் சினை இறங்குகிறது என்று முடிவுகட்டினார்கள். நம் ஊர்ப் பேச்சும் இதுவேதான்.

ஆனால் அதே அமெரிக்காவில் அதே இனத்துக் கிடேரிகளுக்கு, அதாவது இன்னும் ஒரு சொட்டுப் பால்கூடக் கறக்காத கன்னிக் கிடேரிகளுக்கு, சினை பிடிப்பு அப்படிச் சரியவில்லை. நூற்றுக்கு அறுபது, எழுபது என்று நின்றுகொண்டுதான் இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் இரத்தம் ஒன்று. மகள் கன்று ஈன்று கறவைக்கு வந்தபின் அதே உடலில் சினை தங்குவது சிரமமாகிறது. ஆகவே கோளாறு பிறவியில் மட்டும் இல்லை, கறவைக் காலத்தில் அந்த உடலுக்குள் நடப்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

அங்கே நடப்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. உங்கள் மாட்டையே எடுத்துக்கொள்கிறேன். 450 கிலோ எடை என்று வைப்போம். ஒன்றும் கறக்காமல் சும்மா நின்றாலே உயிர் பிழைக்க அதற்கு ஒரு நாளைக்கு 8 மெகா கலோரி வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 0.7 மெகா கலோரி செலவு. 22 லிட்டருக்கு 15. மொத்தம் 23. இப்போது வரவைப் பாருங்கள். கன்று ஈன்ற முதல் மாதத்தில் மாட்டுக்குப் பசி முழுதாகத் திரும்பியிருக்காது. தண்ணீர்ச் சத்து நீக்கிப் பார்த்தால் 12 கிலோ தின்றாலே பெரிது. தீவனம் நல்ல தரமாக, கிலோவுக்கு 1.5 மெகா கலோரி என்றே வைத்தாலும் வரவு 18. துண்டு விழுவது 5. உடலில் ஒரு கிலோ கரைந்தால் கிடைப்பதும் ஏறக்குறைய அந்த 5தான். அதாவது உங்கள் மாடு அந்த மாதம் முழுக்கத் தினமும் ஒரு கிலோ தன்னையே தின்று பால் கொடுத்திருக்கிறது.

பால் உச்சத்துக்குப் போவது கன்று ஈன்ற ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள். தீனி உச்சத்துக்குப் போவது அதற்கும் ஒரு மாதம் கழித்து. எந்தப் பால் மாடும் இந்த இடைவெளிப் பள்ளத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும். எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எத்தனை வாரம் உள்ளே கிடக்கிறது என்பதில்தான் மாட்டுக்கு மாடு வித்தியாசம்.

இதே கணக்கைப் பத்து லிட்டர் மாட்டுக்கும் போட்டுப் பாருங்கள். வேண்டியது 15 மெகா கலோரி. ஆனால் வைக்கோலும், கையளவு தவிடும், வரப்பில் மேய்ந்த புல்லும்தான் அதற்குத் தீனி என்றால் கிலோவுக்கு 1.2-க்கு மேல் தேறாது. 10 கிலோ தின்றால் வரவு 12. இங்கேயும் 3 துண்டு விழுகிறது. பத்து லிட்டர் மாடும் எலும்பு தெரிய நின்று பருவத்துக்கே வராமல் போவது இதனால்தான். பக்கத்துப் பண்ணையில் நன்றாகத் தின்கிற 25 லிட்டர் மாடு மூன்றாம் மாதம் சினை நிற்கும். பால் எத்தனை லிட்டர் என்று கேட்பதைவிட எத்தனை துண்டு விழுகிறது என்று கேட்பதுதான் பயன்.

துண்டு விழுவதற்கும் சினைக்கும் என்ன தொடர்பு? உடல் கரையும்போது இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது, ஈரலில் சுரக்கும் வளர்ச்சிக் காரணி ஒன்றும் குறைகிறது. சினைப்பையில் முட்டை வளரும் கொப்புளத்துக்கு இந்த இரண்டும் உரம் மாதிரி. மூளையிலிருந்து முட்டையை வெளியேற்றச் சொல்லி வரும் சமிக்ஞையும் தளர்கிறது. கொப்புளம் வளரும், பழுக்காமல் சுருங்கும், இன்னொன்று கிளம்பும், அதுவும் சுருங்கும். வெளியே பார்த்தால் மாடு பருவத்துக்கே வரவில்லை. ஒரு முட்டை முழுதாக வளர்ந்து வெளிவர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்பதால், கன்று ஈன்ற வாரங்களில் பட்ட பட்டினியின் வடு மூன்றாம் மாதம் போடும் ஊசியில் வந்து நிற்கக்கூடும் என்ற கருத்தும் 1990-களிலிருந்தே ஆராய்ச்சியாளர்களிடம் இருக்கிறது.

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து 2014-ல் வெளியானது. ஏறக்குறைய 1,900 பசுக்களைக் கன்று ஈன்ற நாளிலும் மூன்று வாரம் கழித்தும் உடம்பின் சதைப்பிடிப்பைப் பார்த்து மதிப்பெண் போட்டு வைத்தார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஹார்மோன் ஊசி போட்டுப் பருவத்தை ஒன்றாக்கிச் சினை ஊசி போட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் உடம்பு இளைத்தவற்றில் 25 சதவீதம் சினையானது. அப்படியே இருந்தவற்றில் 38. உடம்பு தேறியவற்றில் 84. மூன்று குழுவும் கறந்த பாலில் பெரிய வித்தியாசம் இல்லை! இந்த எண்களை முதல்முறை படித்த அன்று, அதுவரை நான் ஊசி போட்ட மாடுகளையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஒருமுறை பார்த்தேன். ஊசி போடும் நாளில்தான் எங்கள் திறமை எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். பாதி விஷயம் கன்று ஈன்ற மூன்று வாரத்திலேயே முடிந்துவிடுகிறது.

இனி, பாலே நேரடியாகச் செய்யும் கெடுதல் ஒன்றும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்கிறது. நிறையத் தின்னும்போது ஈரலுக்குள் பாயும் இரத்தம் பெருகுகிறது. கறக்காத பசுவின் ஈரலில் மணிக்கு 750 லிட்டர் இரத்தம் போகிறது என்றால், பெருங்கறவையில் 1,500 லிட்டர். ஈரலின் வேலைகளில் ஒன்று ஹார்மோனைச் சிதைத்து வெளியேற்றுவது. ஆக, சினைப்பை சரியாகவே சுரந்தாலும் அந்த ஹார்மோன் இரத்தத்தில் தங்காமல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இதனால் மூன்று விளைவுகள்.

ஒன்று, பருவ அறிகுறியைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் நிற்காததால் பருவம் சுருங்குகிறது. ஒரு ஆய்வில் சராசரி 33 லிட்டர் கறந்த பசுக்களுக்குப் பருவம் 11 மணி நேரம் நீடித்தது, 46 லிட்டர் கறந்தவற்றுக்கு 6 மணி நேரம்தான். ஆறு மணி நேரம் என்றால் இராத்திரி பத்துக்குத் தொடங்கி விடியுமுன் முடிந்துவிடும். காலையில் கறக்கப் போகிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் மட்டம் தாழ்வதால் கரு மெதுவாக வளர்கிறது. 16, 17-ம் நாள் வாக்கில் கரு ஒரு புரதத்தைச் சுரந்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தாய்க்குத் தெரிவிக்க வேண்டும். வளராத கரு அதைப் போதுமான அளவு சுரப்பதில்லை. தாயின் உடல் சினை இல்லை என்று எண்ணி அடுத்த பருவத்தைத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் "ஊசி பிடிக்கல" என்கிறீர்கள். உண்மையில் பிடித்தது, கரு உண்டானது, மூன்றாம் வாரம் போயிற்று. மூன்றாவது, ஒன்றுக்குப் பதில் இரண்டு முட்டை வெளிவந்து இரட்டைக் கன்று உண்டாகும் வாய்ப்பும் பெருங்கறவையில் கூடுகிறது. நம் ஊர் மாடுகளில் அந்த அளவுப் பால் அபூர்வம் என்பதால் அதை விட்டுவிடலாம்.

இவ்வளவும் சொன்னபின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஏழு பண்ணைகளில் 5,700-க்கு மேற்பட்ட பசுக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கன்று ஈன்ற பின் நோய் ஒன்றும் வராத பசுக்களில் 51 சதவீதம் முதல் ஊசியில் சினையானது. நஞ்சுக்கொடி விழாமல் போனது, கருப்பை அழற்சி, மடிநோய், காய்ச்சல், கால் நொண்டல் இப்படி ஏதாவது ஒரு நோய் கண்டவற்றில் 43. ஒன்றுக்கு மேல் கண்டவற்றில் 35. இன்னொரு ஆய்வில், இரண்டு மாதம் ஆகியும் பருவச் சுழற்சி தொடங்காமல் கிடந்தவை அதிகம் இருந்தது எந்தக் கூட்டத்தில் தெரியுமா? இருப்பதிலேயே குறைவாகக் கறந்த கூட்டத்தில். நோயில் விழுந்த மாடு தின்னாது. தின்னாத மாடு கறக்காது, பருவத்துக்கும் வராது. பண்ணைக்குப் பண்ணை ஒப்பிட்டாலும் நன்றாகக் கறக்கிற பண்ணைகளில் சினை பிடிப்பும் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது, ஏனென்றால் இரண்டையும் ஒரே கைதான் கவனிக்கிறது.

பாலைக் குற்றம் சொல்லும் கணக்குகளில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. சினையான மாட்டுக்கு ஐந்தாம் மாதத்துக்கு மேல் பால் இறங்கும், ஏழாம் மாதம் முடியக் கறவையை நிறுத்திவிடுவோம். சினையாகாத மாடு நிறுத்தாமல் கறந்துகொண்டே போகும். வருடக் கடைசியில் மொத்தப் பாலைக் கூட்டினால் சினையாகாத மாடுதான் அதிகம் கறந்ததாகத் தெரியும். அதிகம் கறந்ததால் சினையாகவில்லையா, சினையாகாததால் அதிகம் கறந்ததா? இன்னொன்று, ஆறு லிட்டர் மாடு இரண்டு ஊசிக்கு நிற்காவிட்டால் சந்தைக்குப் போய்விடுகிறது. 22 லிட்டர் மாட்டை யாரும் விற்பதில்லை, ஏழு ஊசி எட்டு ஊசி வரை வைத்துப் பார்ப்பார்கள். ஊருக்குள் "ஊசி போட்டு ஊசி போட்டு நிக்காத மாடு" என்று பெயர் வாங்குவதெல்லாம் பால் மாடாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்டு மாட்டை எடுத்துக்காட்டி "அந்தக் காலத்துல வருசா வருசம் கன்னு போட்டுச்சு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் மாடுகள் மீது எனக்குள்ள மரியாதை சின்னதல்ல. வெயிலையும் வறட்சியையும் தாங்குவதில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் இரண்டு, மூன்று லிட்டர் மட்டுமே கறக்கும் நம் நாட்டினங்கள் பலவற்றில் முதல் கன்று ஈன மூன்றரை, நான்கு வயதாகிறது, இரண்டு ஈத்துக்கு நடுவே 14 முதல் 16 மாதம் போகிறது. குறைந்த பால்தான் சினைக்கு வழி என்றால் இவை பத்து மாதத்துக்கு ஒரு முறை அல்லவா ஈன வேண்டும்? மேய்ச்சலில் கிடைப்பதை மட்டும் தின்று நிற்கும் உடல் அது. அங்கேயும் கணக்கில் துண்டுதான்.

மரபு வழிக் குற்றம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். பாலைத் தூக்கும் மரபணுக்களில் சில சினையைக் கெடுப்பவையாகவும் இருக்கின்றன. இதற்கு ஃபின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் சிவப்பு இனங்களில் ஒரு நேரடி உதாரணம் கிடைத்தது. அவற்றின் 12-ம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் போயிருந்தது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால் கரு வயிற்றிலேயே சாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பசு கூடுதலாகப் பால் கறக்கும். பாலை மட்டும் பார்த்துக் காளை தேர்ந்தெடுத்தவர்கள், தெரியாமலே கருவைக் கொல்லும் குறையையும் சேர்த்து வளர்த்துவிட்டார்கள். ஃபின்லாந்து சிவப்பு இனத்தில் மூன்றில் ஒரு மாடு அதைச் சுமந்துகொண்டிருந்தது என்பது 2014-ல் தெரிந்தது.

எச்.எப். இனத்தில் இதைவிடப் பெரிய கதை. 1962-ல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற அமெரிக்கக் காளைக்கு 16,000 மகள்கள், ஐந்து இலட்சம் பேத்திகள். பால் பெருக்கத்தில் அதன் பங்கு பல ஆயிரம் கோடி டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் காளையின் ஒரு மரபணுவில் இருந்த பழுது, உலகம் முழுவதும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் அழியக் காரணமாயிற்று என்பது அது பிறந்து ஐம்பது வருடத்துக்குப் பிறகே தெரிந்தது. இன்றைய எச்.எப். மாடுகளின் இரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அதனுடையது. இப்போது சோதனை செய்து, இந்தக் குறையுள்ள காளையை அதே குறையுள்ள பசுவோடு சேர்க்காமல் தவிர்க்க முடிகிறது.

அமெரிக்கர்கள் பாலை மட்டும் பார்த்த தப்பைத் திருத்தியும் காட்டினார்கள். நார்வேக்காரர்கள் 1970-களிலேயே காளைத் தேர்வில் மகள்களின் சினை பிடிப்பைச் சேர்த்துவிட்டார்கள். அயர்லாந்து 2001-ல் அந்த வழிக்கு வந்தது. அமெரிக்கா 2003-ல் ஒவ்வொரு காளைக்கும் 'மகள்களின் சினை விகிதம்' என்ற மதிப்பை வெளியிடத் தொடங்கியது. சினை பிடிப்பில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு நான்கு, ஐந்துதான், இதைத் தேர்ந்தெடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் சரிந்துகொண்டிருந்த கோடு நின்றது, பிறகு ஏறத் தொடங்கியது. இதற்கிடையே பால் குறைந்ததா என்றால் இல்லை. இன்று அங்கே சராசரி 10,900 கிலோவைத் தொட்டிருக்கிறது. பாலும் சினையும் சேர்ந்தே ஏற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஊசி போட வருகிறவரிடம் "நல்ல பால் காளையா" என்று மட்டும் கேட்காமல், அதன் மகள்கள் எப்படிச் சினை பிடிக்கின்றன என்ற விவரம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பழகுங்கள். பத்துப் பேர் கேட்டால் அந்த விவரம் வந்து சேரும்.

நம் சமவெளியில் இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 22 லிட்டர் கறக்கும் மாட்டின் உடல் ஓர் அடுப்பு. செரிமானத்திலும் பால் சுரப்பிலும் அதன் உள்ளேயே வெப்பம் பிறக்கிறது. எச்.எப். இரத்தம் அதிகமுள்ள பெருங்கறவைக்கு 25, 26 டிகிரியைத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். கருவுக்கு முதல் ஓரிரு நாள்தான் மிகவும் ஆபத்து, சூடு தாங்காது. சித்திரை, வைகாசியில் ஊசி போட்ட மாடு மூச்சிரைக்க நிற்கிறதென்றால் கரு தப்புவது கடினம். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்கு எச்.எப். கலப்பு என்று இனவிருத்திக் கொள்கை வகுத்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் ஊரில் எச்.எப். வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் நிழலும், காற்றும், மத்தியானம் இரண்டு மூன்று முறை உடம்பு நனையத் தண்ணீரும் அந்த மாட்டுக்குக் கட்டாயம், குறிப்பாக ஊசி போட்ட முதல் வாரம்.

சரி, உங்கள் மாட்டுக்கு வருவோம். நான்கு மாதம் ஆகிவிட்டதால் பள்ளத்திலிருந்து ஏறியிருக்க வேண்டும். ஏறிவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம். பின்னால் நின்று பாருங்கள். இடுப்பெலும்புக்கும் வாலடி எலும்புக்கும் நடுவே கிண்ணம் போலக் குழிந்திருக்கிறதா, முதுகுத் தண்டின் முள் ஒவ்வொன்றாக எண்ணும்படி நிற்கிறதா? அப்படியானால் இன்னும் துண்டுதான் விழுந்துகொண்டிருக்கிறது, தீவனம் ஏற வேண்டும். உடல் காக்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. அப்படிப் பார்த்தால் உங்கள் மாட்டுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். அதை இரண்டு வேளையில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரித்து, பசுந்தீவனத்தோடும் உலர்தீவனத்தோடும் கொடுங்கள். ஒரேயடியாக ஏற்றக்கூடாது. ரேஷன் அரிசியைக் காய்ச்சி ஊற்றிப் பாலைக் கூட்டப் பார்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். வயிற்றில் புளிப்பேறி ஒரே இரவில் செத்த மாடுகளைக் கையால் தொட்டிருக்கிறேன். வயிற்றில் கூடுதல் இடம் பிடிக்காமல் சத்துக் கூட வேண்டுமானால் பைபாஸ் கொழுப்பு (முதல் வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்ச் செரிக்கும் கொழுப்பு) தினம் 100 முதல் 200 கிராம் சேர்க்கலாம். தாது உப்புக் கலவை எப்படியும் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கும் கலவை கிடைத்தால் நல்லது. புண்ணாக்கை மட்டும் அள்ளிப் போடுவது நல்லதல்ல. மாவுச்சத்து இல்லாமல் புரதம் மட்டும் கூடினால் இரத்தத்தில் யூரியா ஏறி, கருப்பைச் சூழலைக் கெடுக்கும்.

அடுத்து, நான்கு ஊசியின் தேதியையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 18 முதல் 24 நாள் என்றால் கரு உண்டாகவில்லை, அல்லது உண்டாகி மூன்றாம் வாரத்துக்குள் போயிருக்கிறது. 30, 35 நாள் என்றால் கரு கொஞ்சம் வளர்ந்தபின் அழிந்திருக்கலாம். 40, 42 என்றால் நடுவே ஒரு பருவத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். 10, 12 என்று வந்தால் ஏதோ ஒரு ஊசி பருவமே இல்லாத நாளில் போடப்பட்டிருக்கிறது. மருத்துவர் கருப்பையில் கை வைக்கும் முன்பே இந்தத் தேதிகள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். இதை எழுதி வைக்காததால் எத்தனை மாடுகளுக்குத் தப்பான வைத்தியம் நடந்திருக்கிறது என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

பருவத்தன்று சினைப்பாதையிலிருந்து வழியும் வழும்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, அறுபடாமல் தொங்கினால் நல்லது. வெள்ளைத் துகளோ, மங்கலோ, வாடையோ இருந்தால் கருப்பையில் புண் ஆறவில்லை. அன்றைக்கு ஊசி வேண்டாம், வைத்தியம் பார்த்து அடுத்த பருவத்தில் போடலாம். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்ற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் காலையில் கண்டது உண்மையில் நள்ளிரவிலேயே தொடங்கியிருந்தால் மாலை ஊசி பிந்திப்போகும். உங்கள் கொட்டகையில் நான்கு மாடும் கட்டுத்தறியிலேயே நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதைப் பார்க்க வாய்ப்பே இல்லை. தினம் அரை மணி நேரமாவது நான்கையும் ஒன்றாக அவிழ்த்துவிட முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் கத்தல், தீனி மறுப்பு, அடிக்கடி சிறுநீர், ஒரு வேளைப் பாலில் திடீர்க் குறைவு இவற்றைத்தான் நம்ப வேண்டும். வாலடியில் இரத்தம் தெரிந்தால் பருவம் இரண்டு நாள் முன்பே போய்விட்டது. அதற்கு ஊசி போட்டுப் பயனில்லை, அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு 18-ம் நாள் அளவில் காத்திருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அடுத்த ஊசியும் தவறினால், ஹார்மோன் முறைகள் இருக்கின்றன. பருவத்தைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லாமல், ஊசிகளை நாள் கணக்கில் போட்டுக் குறித்த நேரத்தில் சினை ஊசி போடும் முறை 1995-ல் வந்தது. பெருங்கறவையின் குறும்பருவத்துக்கு அது நல்ல மாற்று. புரோஜெஸ்டிரோன் கசியும் கருவியைச் சினைப்பாதையில் ஏழு நாள் வைத்து எடுக்கும் முறையும் உண்டு. எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர் சினைப்பையைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டுக்கு எந்த ஹார்மோனும் வேலை செய்யாது, பணம்தான் போகும்.

பதற்றப்பட்டு விற்றுவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதம் சினை நின்றாலும் ஈத்து இடைவெளி 14 மாதம்தான் வரும். இரண்டு மாதம் வற்றவிட்டாலும் ஒரு வருடம் பால் கிடைக்கும். நான்காம் மாதத்தில் இன்னும் 22 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அது நட்டமே அல்ல. எட்டு லிட்டர் மாட்டுக்குப் போடும் "ரெண்டாம் மாசமே நிக்கணும்" என்ற கணக்கை இதற்குப் போடாதீர்கள். இது நின்றபின் ஏழாம் மாதம் முடியக் கண்டிப்பாகப் பாலை வற்ற வைத்து, இரண்டு மாதம் ஓய்வு கொடுத்து, மிதமான சதையோடு கன்று ஈன வையுங்கள். கொழுக்கவிட்டால் ஈன்றபின் தீனி குறைந்து இன்னும் வேகமாகக் கரையும். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வயிற்றைப் பழக்குங்கள். நஞ்சு பன்னிரண்டு மணி நேரத்தில் விழுந்ததா, பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்ததா என்று பாருங்கள். அடுத்த ஈத்தின் சினை அங்கேதான் தொடங்குகிறது.

இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்கி நான்கு ஊசித் தேதியையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசி ஊசியிலிருந்து 18-ம் நாள் தொடங்கி ஒரு வாரம், இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் டார்ச் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் வாலடியையும் தரையையும் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் 30-ம் நாளுக்கு மேல் ஸ்கேன், அந்த வசதி இல்லையென்றால் 60-ம் நாள் கைப் பரிசோதனை. அதுவரை தீவனத்தைக் குறைக்க வேண்டாம்.